மடங்கிய கைக்கு மின்தூண்டல்

மூளை முடக்குவாதத்துடன் பிறந்து வளர்ந்து, இன்று இருபதிலோ முப்பதிலோ ஐம்பதிலோ இருக்கும் ஒருவரின் கையை மின்தூண்டல் மூலம் இன்னும் பயன்பட வைக்க முடியுமா என்பதே இன்றைய உரையின் பொருள். "கரண்ட் வைத்தால் கை சரியாகிவிடுமா?" என்று சிகிச்சை நிலையங்களில் குடும்பத்தார் கேட்பதும் இதைத்தான். கரண்ட் கையை அசைக்கும். அதில் ஐயமே வேண்டாம். ஆனால் அசைகிற கை எப்போது வேலை செய்கிற கையாகிறது? உரை முழுவதும் இந்த ஒரு கேள்வியின் பின்னால்தான் செல்கிறது.

முதலில் அந்தக் கைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மூளை முடக்குவாதம், பலரும் சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வது, வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்படும் சேதத்தின் விளைவு. அந்தச் சேதம் கருவிலேயே நேரலாம், பிரசவத்தின்போது நேரலாம், பிறந்த சில மாதங்களிலும் நேரலாம். குறைமாதப் பிறப்பு, மூளைக்குள் இரத்தக்கசிவு, ஆக்சிஜன் குறைவு, கிருமித்தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை எனக் காரணங்கள் பல. ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 2 பேருக்கு இந்நிலை வருகிறது. மூளையில் ஏற்பட்ட சேதம் பின்னர் பெருகுவதில்லை. அதன் விளைவுகளோ உடலோடு சேர்ந்து வளர்கின்றன, உடலோடு சேர்ந்து முதுமையடைகின்றன.

லண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861இல் அந்நகரின் மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். கடினப் பிரசவமும் மூச்சுத்திணறலுமே காரணம் என்பது அவர் முடிவு. பல காலம் இந்த நோய்க்கு லிட்டில் நோய் என்றே பெயர். மனப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட் அதற்குமுன் நரம்பியல் மருத்துவராக இருந்தவர். 1897இல் வெளிவந்த தம் நூலில் அவர் எதிர்க்கேள்வி எழுப்பினார்: பிரசவம் கடினமானதே, கருவில் முன்பே ஏற்பட்டுவிட்ட கோளாற்றின் அடையாளமாக இருக்கக் கூடாதா? பிற்கால ஆய்வுகள் பல, பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்று காட்டின. பிரசவ அறையில் தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக ஆண்டுக்கணக்கில் தங்களையே நொந்துகொள்ளும் தாய்மார் அறிய வேண்டிய செய்தி இது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். இளம்பிள்ளை வாதத்தையும் மூளை முடக்குவாதத்தையும் ஒன்றாகக் கருதுவோர் இன்னும் இருக்கிறார்கள். இளம்பிள்ளை வாதத்தில் போலியோ கிருமி தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்புச் செல்களையே அழித்துவிடுகிறது. தசைக்குச் செல்லும் நரம்பே இல்லாமல் போவதால் கை துவண்டு மெலிகிறது. மூளை முடக்குவாதத்தில் சேதம் மேலே, மூளையில். தண்டுவடச் செல்கள் இருக்கின்றன, அங்கிருந்து தசைக்குச் செல்லும் நரம்பும் இருக்கிறது, தசையும் இருக்கிறது. மேலிருந்து வரவேண்டிய கட்டளைதான் சரியாக வந்து சேர்வதில்லை. வேண்டாத இடத்தில் இறுக்கமாக வெளிப்படுகிறது. தோலின் மேல் வைத்த மின்சாரத்தால் இந்தக் கையை அசைக்க முடிவதற்குக் காரணம் இதுதான். நரம்பு உயிரோடு இருக்கிறது, அதைத் தூண்டலாம்.

இந்தக் கையின் தோற்றம் எப்படி? முழங்கை மடங்கியிருக்கும். முன்கை உட்புறம் திரும்பி, உள்ளங்கை தரையைப் பார்க்கும். மணிக்கட்டு மடங்கி, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கி, மற்ற விரல்கள் அதன் மேல் மூடியிருக்கும். எல்லோருக்கும் எல்லாம் இராது. பலருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். இவற்றுள் கையின் பயனை அதிகம் கெடுப்பது எது? பெரும்பாலும் மணிக்கட்டுதான்.

அவையில் இருப்போர் இப்போதே செய்து பார்க்கலாம். மணிக்கட்டை முழுவதுமாக உட்பக்கம் மடக்குங்கள். அதே நிலையில் இறுக்கமாக முட்டி பிடியுங்கள். பிடிக்க முடிகிறதா? விரல்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. இப்போது மணிக்கட்டைச் சற்று மேலே தூக்கி மீண்டும் முட்டி பிடியுங்கள். எவ்வளவு வலு! விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரல்களுக்குச் செல்கின்றன. மணிக்கட்டு ஏற்கெனவே மடங்கியிருந்தால் அந்தத் தசைகள் குறுகிய நிலையில் நிற்கின்றன. மேலும் இழுக்க அவற்றிடம் நீளம் மிச்சமில்லை. ஆகவே பிடிப்புக்கு வலு தருவது முன்கையின் புறப்பக்கத்தில் இருக்கும், மணிக்கட்டைத் தூக்கும் தசை. கைக்கான மின்தூண்டலில், தோல் வழியே மின்சாரம் செலுத்தும் பேட் முதலில் போய் உட்காரும் இடம் இந்தத் தசையின் மேல்தான்.

கைக்கு இன்னொரு குறையும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கைவிட்டால் சாவி எது, நாணயம் எது என்று விரல்கள் சொல்லிவிடும். மூளை முடக்குவாதம் உள்ள பலருக்கு இந்தத் தொட்டறியும் திறன் குறைவு. கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்ற செய்தி மூளைக்குத் தெளிவாகப் போவதில்லை. செய்தி வராத கையைப் பயன்படுத்தத் தோன்றுவதில்லை. பயன்படுத்தாத கையிலிருந்து செய்தி மேலும் குறைகிறது. அசைக்கும் ஆற்றல் ஓரளவு இருந்தும் அந்தக் கையை மறந்தே போனவர்கள் ஏராளம்.

இவ்வளவும் குழந்தைக்கும் பொருந்தும். பெரியவர்களுக்கு என்று தனியே பேச வேண்டியது ஏன்? மூளை முடக்குவாதம் குழந்தைகளின் நோய் என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நினைத்துவந்தது. சிறப்புப் பள்ளி, குழந்தை மருத்துவர், தெரபி வகுப்பு எல்லாம் பதினெட்டு வயதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. கைத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரித்தறிய உலகெங்கும் பயன்படும் மாக்ஸ் என்ற அளவுகோல் சுவீடனில் உருவாகி 2006இல் வெளிவந்தது. அதுகூட 4 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கென்றே அமைக்கப்பட்டது. பத்தொன்பதாம் வயதில் அந்தக் கை என்ன ஆகிறது? அது மாயமாவதில்லை. இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அந்தக் கையோடுதான் வாழ்க்கை. மூளை முடக்குவாதம் பற்றிய பேச்சில் மிகப் பெரிய அநீதி இந்த மௌனம்தான்.

ஆண்டுகள் செல்லச் செல்லத் தசையும் மாறுகிறது. அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த தசைத்துணுக்குகளை ஆராய்ந்தவர்கள், இறுகிய தசைக்குள் இருக்கும் நுண்ணிய சுருங்கும் அலகுகள் அளவுக்கு மீறி இழுபட்டு நிற்பதைக் கண்டார்கள். தசை நாரிடையே கொலாஜன் சேர்கிறது. தசையைப் புதுப்பிக்கும் செல்களும் குறைந்திருக்கின்றன. வெளியே விறைப்பாகத் தெரியும் தசை உள்ளே வலுவற்றது. இறுக்கம் இருக்கிறதே, வலுவும் இருக்கும் என்று எண்ணுவது தவறு. இதோடு வலி, களைப்பு, மூட்டுத் தேய்மானம் ஆகியவை மற்றவர்களைவிட முன்னதாகவே வந்து சேர்கின்றன.

குழந்தைகளிடம் இல்லாத ஒரு பலமும் பெரியவர்களிடம் உண்டு. தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களால் சொல்ல முடியும். பேச்சு வராதவர்கள்கூடப் பலகையைக் காட்டியோ கருவி மூலமோ சொல்லிவிடுவார்கள். மும்பையைச் சேர்ந்த மாலினி சிப் மூளை முடக்குவாதம் உள்ளவர். இங்கிலாந்து சென்று முதுகலைப் பட்டங்கள் பெற்றார். 2010இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலின் பெயர் 'ஒன் லிட்டில் ஃபிங்கர்'. நூல் முழுவதையும் அவர் ஒற்றை விரலால் தட்டச்சு செய்தார். அந்த ஒரு விரல் போதுமா என்று யாராவது கேட்கலாம். அந்த ஒரு விரலை நம்பி ஒரு படிப்பு, ஒரு வேலை, ஒரு நூல் நடந்திருக்கிறது என்றால், கையில் கிடைக்கும் சிறு முன்னேற்றத்தையும் சிறிது என்று தள்ளிவிட யாருக்கும் உரிமையில்லை.

பெரியவர்களின் மூளையில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர் அறுபது ஆண்டு பழகிய கையை இழந்து, அதை மீட்கப் பார்க்கிறார். பிறவியிலேயே பாதிப்பு உள்ளவருக்கோ மீட்க வேண்டிய பழைய பழக்கம் இல்லை. கை இப்போதுதான் முதன்முறையாகக் கற்கிறது. பிறந்த குழந்தையின் மூளையில் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரு கைகளுக்கும் நரம்புப் பாதைகள் செல்கின்றன. வளரும்போது ஒரே பக்கத்துக்குச் செல்பவை பெருமளவு விலகிவிடுகின்றன. ஒரு பாதி மிக முன்னதாகவே சேதமடைந்தால், நலமான பாதியே இரண்டு கைகளையும் ஆளும் நிலை சிலருக்கு நிலைத்துவிடுகிறது. அத்தகையவர் ஒரு கையை மூடினால் மற்றதும் தானாக மூடுகிறது. பக்கவாதத்துக்கென்று உருவான சிகிச்சையை அப்படியே எடுத்து இவர்களுக்கு வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இனி மின்சாரத்தின் கதை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கீல்வாத வலிக்கும் கடலில் கிடைக்கும் மின்திருக்கை மீனை உடலில் வைக்கச் சொன்னார். 1791இல் இத்தாலியின் பொலோனியா நகரில் லூயிஜி கால்வானி, தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். 1855இல் பிரான்சின் டுஷேன், ஈரமான மின்முனைகளைத் தோலில் வைத்துத் தனித்தனித் தசைகளைச் சுருங்க வைக்கும் முறையை நூலாக எழுதினார். இன்று எந்தத் தெரபி அறையிலும் நடப்பது அவர் காட்டிய வழியில்தான்.

இவற்றையெல்லாம்விட இந்த உரைக்கு நெருக்கமானது 1961. அமெரிக்காவில் விளாடிமிர் லிபர்சன், பக்கவாதத்தால் பாதம் தொங்கிப்போனவர்களுக்கு ஒரு கருவி செய்தார். செருப்பின் குதிகாலில் ஒரு சுவிட்ச். குதிகால் தரையை விட்டு எழுந்ததும் மின்சாரம் பாய்ந்து பாதத்தைத் தூக்கும். தரையைத் தொட்டதும் நின்றுவிடும். அதுவரை மின்சாரம் தசைக்குப் பயிற்சி தந்தது. இப்போது மின்சாரம் ஒரு செயலின் நடுவே, சரியான நொடியில் வந்து உதவியது. அடுத்த ஆண்டே மோ, போஸ்ட் என்ற இருவர் இதற்குச் செயல்சார் மின்தூண்டல் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். எஃப்.இ.எஸ். என்று இன்று வழங்குவது அதுவே. கழுத்துப் பகுதித் தண்டுவடம் அடிபட்டவர்களின் கைக்காக அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் உருவான, உடலுக்குள் பொருத்தும் ஃப்ரீஹேண்ட் என்ற கருவிக்கு 1997இல் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. தோளை அசைத்தால் கை திறக்கும், மூடும். நல்ல கருவி, சில ஆண்டுகளிலேயே அதன் தயாரிப்பு நின்றுபோனது.

தோலின் மேல் வைக்கும் மின்சாரம் என்ன செய்கிறது? அது நேரே தசையைத் தூண்டுவதில்லை. தசையைவிட நரம்பு எளிதில் தூண்டப்படும். ஆகவே தசைக்குள் நுழையும் நரம்பு இழைகளே முதலில் விழித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு துடிப்பும் 200 முதல் 300 மைக்ரோ வினாடி நீளம். வினாடிக்கு 20 முதல் 50 துடிப்புகள். பெரும்பாலும் 30ஐ ஒட்டி வைப்பார்கள். முன்கைக்கு 10 முதல் 40 மில்லி ஆம்பியர் அளவு போதும். இது சுவரில் உள்ள பிளக்கிலிருந்து வரும் மின்சாரம் என்று அஞ்ச வேண்டியதில்லை. கையடக்கக் கருவிகள் சிறு பேட்டரியில் ஓடுபவை.

இயல்பாக ஒரு தசை சுருங்கும்போது சிறிய நரம்பு இழைகள் முதலில், பெரியவை பின்னர் என்ற ஒழுங்கு இருக்கும். முறைமாற்றி வேலை செய்வதால் தசை எளிதில் சோர்வதில்லை. வெளியிலிருந்து வரும் மின்சாரம் இந்த ஒழுங்கைப் பார்ப்பதில்லை. அருகில் இருப்பவற்றையும் பெரியவற்றையும் முதலில் பிடித்து, பிடித்தவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் தூண்டிவிடுகிறது. பெரிய இழைகள் ஆளும் தசைநார்கள் வலுவானவை, ஆனால் விரைவில் களைப்பவை. மின்தூண்டலில் தசை சீக்கிரம் சோர்வது இதனால்தான். சில வினாடி தூண்டல், அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஓய்வு என்று வைப்பதும் இதற்காகவே.

ஓர் அமர்வை அருகில் நின்று பார்ப்போம். முன்கை மேசை மேல் இருக்கிறது, உள்ளங்கை கீழ்நோக்கி. சிகிச்சையாளர் தோலை ஈரத்துணியால் துடைக்கிறார். முடி அடர்ந்திருந்தால் கத்தரித்துவிடுகிறார். ஒட்டும் பேட் இரண்டு. ஒன்று முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனைக்குச் சில விரற்கடை கீழே. மற்றொன்று முன்கையின் புறப்பக்க நடுவில். டயல் மெல்லத் திரும்புகிறது. முதலில் குறுகுறுப்பு. இன்னும் சற்று ஏற்றினால் தோலுக்கடியில் தசைநாண் துடிப்பது தெரிகிறது. மேலும் ஏற்ற, மணிக்கட்டு மேசையை விட்டு எழுகிறது. எழும் கை சுண்டுவிரல் பக்கமாகச் சாய்கிறதா? பேட் பிடித்த தசை வேறு என்று பொருள். கரண்டை நிறுத்தி, பேடைக் கட்டைவிரல் பக்கமாக அரை அங்குலம் நகர்த்துகிறார். மீண்டும் டயல். இம்முறை கை நேராக எழுகிறது. விரல்களும் சேர்ந்து விறைத்து நீள்கின்றனவா? பொருளை விடுவதற்கு அது வேண்டும். பிடிப்பதற்கு அது இடைஞ்சல். எந்த வேலைக்கு எந்தத் தசை என்று இப்படித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் பேட் ஒட்டி, பட்டனை அழுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும் சிகிச்சையில் இந்தத் தேடல் நடப்பதே இல்லை.

இதற்குப் பிறகு என்ன? இங்கேதான் வழிகள் பிரிகின்றன. முதல் வழியில் கருவி தன் கணக்குப்படி ஐந்து வினாடி தூண்டும், பத்து அல்லது பதினைந்து வினாடி ஓய்வு கொடுக்கும். கை தானாக எழும், தானாக விழும். கைக்குரியவர் டிவி பார்த்துக்கொண்டிருக்கலாம். இதனால் தசைக்குச் சற்று வலு கூடலாம், மணிக்கட்டின் அசைவெல்லை காக்கப்படலாம். இரண்டாம் வழியில் கரண்ட் ஒரு முயற்சிக்காகக் காத்திருக்கும். கையைத் தூக்க அவர் முயலும்போது தசையில் எழும் மெல்லிய மின்னலையைக் கருவி உணரும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் தூண்டலைத் தொடங்கும். தசை அலை மிகவும் மங்கலாக இருந்தால், மற்றொரு கையால் அழுத்தும் ஒரு சுவிட்சே போதும். அல்லது எதிரே இருப்பவர் "இப்போ" என்று சொல்லி, அவர் முயலும் அதே நொடியில் அழுத்தலாம்.

முயற்சியும் கரண்டும் ஒரே நொடியில் சேர வேண்டும் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. பிரிட்டனின் டேவிட் ரஷ்டன் 2003இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். நரம்பிழையின் நடுவில் தூண்டினால் துடிப்பு இரு பக்கமும் ஓடும்: கீழே தசைக்கும், மேலே தண்டுவடத்தில் உள்ள தாய்ச்செல்லுக்கும். அதே நேரத்தில் மூளையிலிருந்து, கையைத் தூக்க முயல்பவரின் கட்டளை, எவ்வளவு மெலிதாக இருந்தாலும், அந்தச் செல்லை வந்தடைந்தால் இரண்டும் அங்கே சந்திக்கின்றன. ஒரே நேரத்தில் விழித்த இணைப்புகள் வலுப்பெறும் என்பது மூளை கற்கும் விதம் பற்றி 1949 முதல் டொனால்ட் ஹெப்பின் பெயரோடு வழங்கிவரும் கருத்து. கட்டளை வராத நேரத்தில் பாய்ந்த கரண்டுக்கு இந்தச் சந்திப்பு கிடைப்பதில்லை. கருதுகோள் இன்னும் கருதுகோளே. ஆனால் அமர்வை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அது தெளிவான வழியைக் காட்டுகிறது. சைக்கிள் பழகும் பிள்ளையின் பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுபவரின் வேலைதான் கரண்டின் வேலை. மிதிக்க வேண்டியது பிள்ளை. பிடியைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டியது பின்னால் ஓடுபவர்.

ஆகவே மணிக்கட்டு எழும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும். காலி டம்ளர், துணி மடிப்பு, கதவுத் தாழ்ப்பாள், போன், பல்துலக்கி, சட்டைப் பட்டன், தட்டை அசையாமல் பிடித்துக்கொள்வது. ஒரு கை மட்டும் பாதிக்கப்பட்டவருக்கு அந்தக் கை பெரும்பாலும் துணைக்கையாகவே வேலை செய்யும். மறு கை வெட்டும்போது இது பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கை திறக்கும்போது இது நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்ட கையால் மணி கோக்கப் பயிற்சி தருவது வீண். பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும் கையாக அதை ஆக்கினால் அவருடைய ஒரு நாளே மாறும்.

கிளீவ்லாண்டின் ஜேமி நட்ஸன் குழு வேறொரு வழியை வளர்த்தது. நலமான கையில் உணரிகள் பொருத்திய கையுறை; அந்தக் கை எவ்வளவு திறக்கிறதோ அந்த அளவுக்குத் தூண்டல் மறு கைக்குச் செல்லும். பக்கவாதம் வந்தவர்களிடம் நல்ல பலன்களைக் காட்டிய முறை. மூளை முடக்குவாதத்தில் இதைத் தேர்ந்தெடுக்கும்முன், ஒரு கையோடு மறு கையும் தானாக அசையும் பழக்கம் சிகிச்சை பெறுபவருக்கு உண்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இரு கைகளையும் பிரித்து இயக்கக் கற்பதே அவருடைய தேவையாக இருந்தால், இரண்டையும் சேர்த்துக் கட்டும் முறை அவருக்கு ஏற்றதாக இராது.

சரி, இதற்கெல்லாம் சான்று எவ்வளவு இருக்கிறது? இந்த இடத்தில் மிகைப்படுத்தினால் ஏமாறுவது நோயாளிகள்தான். 1993இல் அமெரிக்க பிசியோதெரபிஸ்ட் ஜூடி கார்மிக், செயலோடு இணைத்த மின்தூண்டலைக் குழந்தைகளின் கைகளுக்குப் பயன்படுத்திக் கிடைத்த பலன்களை எழுதினார். 2000ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ரைட், கிரானட் இருவரும் 8 குழந்தைகளின் மணிக்கட்டைத் தூக்கும் தசைகளுக்குத் தினமும் 30 நிமிடம், 6 வாரங்கள் தூண்டல் கொடுத்தார்கள். கைத்திறனும் மணிக்கட்டைத் தானே தூக்கும் அளவும் கூடின. தூண்டலை நிறுத்திய பின்னும் பெருமளவு நிலைத்தன. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் எட்டே பேர், ஒப்பிடத் தனிக்குழு இல்லை, எல்லோரும் குழந்தைகள். பெரியவர்களிடம் நடந்த கை ஆய்வுகள் மிகச் சில, மிகச் சிறியவை. ஆஸ்திரேலியரான அயோனா நோவாக் தலைமையிலான குழு 2013இல் குழந்தைகளுக்கான சிகிச்சைகளை எல்லாம் திரட்டிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தது. இலக்கு வைத்துச் செய்யும் பயிற்சி, இரு கைப் பயிற்சி, நலமான கையைக் கட்டுப்படுத்திச் செய்யும் பயிற்சி ஆகியவை பச்சையில் இருந்தன. மின்தூண்டல் பச்சையில் இல்லை. பச்சையில் இருந்த இந்த மூன்றுமே முயன்று செய்யும் பயிற்சிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். மின்தூண்டலுக்கு உரிய இடம் இவற்றின் துணையாக இருப்பதே. இவற்றை நீக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார அதற்குத் தகுதியில்லை.

ஆர்வம் சான்றை முந்திய கதைகளும் இந்தத் துறையில் உண்டு. 1970களில் நியூயார்க் அறுவை மருத்துவர் இர்விங் கூப்பர், சிறுமூளையின் மேல் மின்முனைகளைப் பொருத்தித் தசை இறுக்கத்தைக் குறைக்க முயன்றார். பலருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. யாருக்குக் கரண்ட் ஓடுகிறது, யாருக்கு ஓடவில்லை என்று தெரியாதபடி பின்னர் நடத்திய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் உறுதிப்படவில்லை. 1990களில், இரவு தூங்கும்போது தசை சுருங்காத அளவுக்கு மெல்லிய கரண்டை மணிக்கணக்கில் வைக்கும் முறை குழந்தைகளிடையே பரவியது. பெற்றோர்கள் நம்பிக்கையோடு கருவி வாங்கினார்கள். பிறகு வந்த ஒப்பீட்டுச் சோதனைகள் பெரும்பாலும் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. தூங்குபவரிடம் முயற்சி ஏது? 2024இல் தண்டுவடத்தின் மேல் தோல் வழியாகத் தூண்டும் முறை, கழுத்தில் தண்டுவடம் அடிபட்ட 60 பேரிடம் சோதிக்கப்பட்டுக் கைவலுவையும் திறனையும் பலருக்குக் கூட்டியது. அங்கும் தூண்டலோடு சேர்த்துப் பயிற்சி நடந்தது. அந்தப் பலனை மூளை முடக்குவாதத்துக்கு இப்போதே மாற்றிச் சொல்வது தவறு.

யாருக்குப் பலன் எதிர்பார்க்கலாம்? மணிக்கட்டையும் விரல்களையும் பிறர் கையால் மெல்ல நீட்டினால் நீள வேண்டும். தசையும் மூட்டும் நிலையாகக் குறுகிப்போயிருந்தால் கரண்ட் அதை அவிழ்க்காது. அங்கே கையை நீட்டிப் பிடிக்கும் பட்டை (ஸ்பிளிண்ட்), போட்டுலினம் ஊசி, அல்லது அறுவைச் சிகிச்சை முதலில் வரவேண்டும். மணிக்கட்டை மடக்கும் தசைநாண் ஒன்றைத் தூக்கும் பக்கத்துக்கு மாற்றித் தைக்கும் முறையை அமெரிக்காவின் வில்லியம் கிரீன் 1942இலேயே விவரித்திருக்கிறார். இன்றும் அது நடக்கிறது. அத்தகைய அறுவைக்குப் பின், இடம் மாறிய தசை தன் புதிய வேலையைக் கற்க மின்தூண்டல் உதவும். கை தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும் வகையினருக்குப் பலனைக் கணிப்பது கடினம். ஓர் அமர்விலேயே வேண்டாத அசைவு கூடிவிடுகிறதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். விளக்குவதைப் புரிந்துகொண்டு, வேண்டும் வேண்டாம் என்று சொல்லக்கூடியவராக இருப்பதும் அவசியம்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேஸ்மேக்கர் இருப்பவருக்குக் கூடாது. கழுத்தின் முன்புறத்திலும் நெஞ்சின் குறுக்கேயும் பேட் வைக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், புற்றுநோய் உள்ள இடத்திலும், புண்பட்ட தோலிலும் தவிர்க்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. வலிப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இறுக்கத்தைக் குறைக்க வயிற்றுப் பகுதியில் பேக்லோஃபென் பம்ப் பொருத்தியவர்களும் மருத்துவரைக் கேட்க வேண்டும். தொடுவுணர்வு குறைந்த கையில் சூடு தெரியாமல் தோல் புண்ணாகலாம். பேடை எடுத்ததும் தோலைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வேண்டும். மெல்லிய சிவப்பு சற்று நேரத்தில் மறையும். மறையாவிட்டால் அடுத்த அமர்வு இல்லை. கடைகளில் கிடைக்கும் டென்ஸ் கருவி வலிக்கானது. கைத்திறனுக்கான தசைத் தூண்டலுக்கு அதை வாங்கி வைத்துக்கொண்டு பயனில்லை.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? மணிக்கட்டு எத்தனை டிகிரி எழுகிறது என்பது சிகிச்சையாளருக்கு வேண்டிய எண். கைக்குரியவருக்கு வேண்டியது வேறு. கனடாவில் உருவான ஒரு முறையில், அவரே தமக்கு முக்கியமான வேலைகளைச் சொல்லி, அவற்றை எவ்வளவு நன்றாகச் செய்கிறார், எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார். 2 மதிப்பெண் கூடினால் அது உண்மையான மாற்றம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். கூடவே ஒரு கைச்சோதனை: நடுவில் தடுப்புள்ள பெட்டி, 2.5 சென்டிமீட்டர் மரக்கட்டைகள், ஒரு நிமிடம். எத்தனை கட்டைகளை ஒவ்வொன்றாகத் தடுப்பைத் தாண்டிப் போட முடிகிறது? இந்த இரண்டும் பெரிய செலவில்லாமல் எந்த ஊரிலும் செய்யக்கூடியவை.

தொடங்கும் நாளிலேயே மூன்று வேலைகளை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்; அவற்றைத் தேர்ந்தெடுப்பவர் கைக்குரியவராக இருக்க வேண்டும், அம்மாவோ தெரபிஸ்டோ அல்ல. நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், அந்த மூன்று வேலைகளுக்குள்ளேயே தூண்டல். முயற்சி கூடக் கூட மின் அளவைக் குறைத்து, இடையிடையே கரண்ட் இல்லாமலும் செய்ய வைக்க வேண்டும். 6 வாரம் முடிந்ததும் பேடைக் கழற்றிவிட்டு அதே மூன்றையும் செய்யச் சொல்லி அளக்க வேண்டும். மாறியிருந்தால் தொடரலாம், புதிய வேலையைச் சேர்க்கலாம். மாறவில்லையென்றால் பேட் வைத்த இடத்தையும் நேரத்தையும் ஒருமுறை திருத்திப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் கருவியை ஒதுக்கிவிட்டு, தடித்த கைப்பிடி, வழுக்காத விரிப்பு, ஒரு கையால் போடும் பட்டன் கொக்கி, போனில் குரல் தட்டச்சு ஆகியவற்றால் அதே மூன்று வேலைகளை முடிக்க வழி செய்ய வேண்டும்.